குளத்துக்கு வராத நாரை

ரோகிணிக்குப் பெரிய குரல். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக லோரி ஓட்டுநர்களோடு போனில் மல்லுக்கட்டி வளர்ந்த குரல். பறவை பார்க்கப் போகிறவளுக்கு இருக்கக்கூடாத குரல் என்று கூட நடப்பவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் தாமான் மெலூர் குடியிருப்பில் நடையே இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தொற்றுநோய்க் கால நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த சமயத்தில் அவள் தனியாகத்தான் ஆரம்பித்தாள். கிள்ளானில் அவள் வீட்டு வரிசைக்குப் பின்னால் வெள்ள நீரைத் தேக்கி வைக்க வெட்டிய குளம் ஒன்று இருந்தது. சுற்றிலும் லாலாங் புல், நாலைந்து முள் மரங்கள், ஒரு மண்பாதை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அலுப்பில் அந்தப் பாதையில் நடந்தவள், முதலில் ஒரு மீன்கொத்தியைப் படம் எடுத்தாள். அப்புறம் அதன் பெயரைத் தேடினாள். பெயர் தெரிந்ததும் பக்கத்தில் இருந்த அடுத்த பறவைக்குப் பெயர் தெரியாதது அவளைத் தூங்கவிடவில்லை.

பக்கத்து வீட்டு இம்ரான் சேர்ந்தான். கடைவரிசை மூலையில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவனைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். வாட்ஸ்அப் குழு உண்டானது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் குளத்தைச் சுற்றி நடப்பது, கண்ணில் பட்ட பறவை, பூச்சி, தவளை, உடும்பு எல்லாவற்றையும் படம் எடுத்துக் கைப்பேசிச் செயலியில் பதிவது, முகம் தெரியாத வல்லுநர்கள் எங்கிருந்தோ பெயரை உறுதி செய்வது, கடைசியில் இம்ரான் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவது. இதுதான் நடை.

குழுவின் நட்சத்திரம் சுகுமாறன். ஐம்பத்தைந்து வயது, வாகனக் காப்புறுதி முகவர். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடக்க வந்தவர். குழாய் போன்ற பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, குளக்கரையில் மணிக்கணக்காக உட்கார ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரியில எனக்கு உசிர் திரும்புச்சு. இங்கதான் வாழ்க்கை திரும்புச்சு" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அவர் எடுத்த மீன்கொத்திப் படம் அந்தத் தாமானில் பாதி வீடுகளின் கைப்பேசித் திரையில் இருந்தது.

போன வருடம் குளத்தின் கிழக்குக் கரையில் நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகை ஒன்று வந்தது. கடைவரிசைக்கு வாகனம் நிறுத்த இடம் போதவில்லை, எனவே கிழக்குக் கரையை மண்ணடித்து மேடாக்கிச் சிமென்டு போடப்போவதாக அதில் எழுதியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பரமேஸ்வரன் மனு எழுதினார். பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி வந்தது.

அதற்கு மறுவாரம் சுகுமாறன் அந்தப் படத்தைப் போட்டார்.

பால் நாரை. ஆள் இடுப்பு உயரம், பால் வெள்ளை உடம்பு, சிவந்த மொட்டை முகம், வெளிர் மஞ்சளில் நீண்ட அலகு. மலேசியாவில் இயற்கையில் தானாக வாழ்வது ஒரு கைப்பிடி அளவுக்குக்கூடத் தேறாது என்று அறிஞர்கள் கவலைப்படும் பறவை. அது தாமான் மெலூர் குளத்தில் நிற்கிறது என்று அவர் எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தமிழ், மலாய், சீனப் பத்திரிகைகள் மூன்றிலும் படம் வந்தது. சுபாங் ஜெயாவிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். யாருக்கும் நாரை தென்படவில்லை. "வந்துச்சு, போயிருச்சு. மறுபடி வரும்லா" என்றார் சுகுமாறன்.

மண்ணடிக்கும் வேலை தள்ளிப்போனது. எல்லாத் தரப்பையும் கேட்க ஒரு கூட்டம் வைக்கப்போவதாகக் கடிதம் வந்தது. பரமேஸ்வரன் நாரையைப் பெரிதாகப் போட்டுப் பதாகை அடித்து, குளத்து வாசலில் கட்டினார்.

கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு நடைக்கு அம்பாங்கிலிருந்து வாணி என்ற மருத்துவமனைத் தாதி புதிதாக வந்திருந்தாள். பத்திரிகையில் நடையைப் பற்றிப் படித்துவிட்டு, இரவுப் பணி முடிந்த கையோடு ரயிலேறி வந்திருந்தாள். வாசலில் பதாகையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, இது எங்க ஊரு கோணமூக்கன்லா அக்கா!"

"யாரு?" என்றாள் ரோகிணி.

"இந்த நாரைதான். அலகு நுனியப் பாருங்க, லேசா எடது பக்கம் வளைஞ்சிருக்கா? மேல ஒரு சின்ன பிளவு இருக்கா? மிருகக்காட்சிசாலையில வளர்ந்தது. கூண்டெல்லாம் இல்ல, அதுபாட்டுக்குப் பறக்கும். எங்க பிளாட்டுக்கு எதுத்தாப்புல வெளக்குக் கம்பத்துலதான் சாயங்காலம் உக்காரும். எங்க மாடியில எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும்."

அவள் கைப்பேசியைத் திறந்து காட்டினாள். விளக்குக் கம்பத்தின்மேல் நாரை. பக்கவாட்டில், நேராக, மழையில் நனைந்தபடி என்று பல படங்கள். எல்லாவற்றிலும் அதே வளைவு, அதே பிளவு. ரோகிணி பதாகையைப் பார்த்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். அப்புறம் வழக்கம்போல் நடையை ஆரம்பித்து வைத்தாள். அன்று அவள் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்ததை இம்ரான் மட்டும் கவனித்தான்.

மாலையில் சுகுமாறனை இம்ரான் கடைக்குக் கூப்பிட்டாள். அவர் மருமகனிடமிருந்து வந்த புதிய தொப்பியோடு உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். பால் கலக்காத தேநீர், தே ஓ, வந்தது.

"அண்ணே, அந்த நாரைப் படம் எங்க எடுத்தீங்க?"

"குளத்துலதான். ஏன்?"

ரோகிணி, வாணி அனுப்பியிருந்த படங்களைத் திறந்து கைப்பேசியை மேசையில் நகர்த்தினாள். சுகுமாறன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாரைக்கு ரெக்கை இருக்குல்ல. அம்பாங்குலேருந்து கிள்ளானுக்கு ஒரே மூச்சுல வந்துடும்."

"வந்துடும். வந்துச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். மறுபடி விரித்தார்.

"அம்பாங்குல என் தங்கச்சி வீடு இருக்கு" என்றார் கடைசியில். "அங்க போயிருந்தப்ப எடுத்தேன். போடணும்னு எடுக்கல. ஆனா அந்த ஒத்த வரி கடுதாசி வந்துச்சு பாரு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. நீயே சொல்லு ரோகிணி. கொக்கையும் பியாவாக்கையும் காட்டி எவன்லா பார்க்கிங்க நிறுத்துவான்?"

பியாவாக் என்றால் உடும்பு. குளத்தில் அவை ஏராளம்.

"நிறுத்துவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள் ரோகிணி. "நாம கேட்டே பாக்கலையே."

"மனு கொடுத்தோம்ல?"

"மனுவுல என்ன எழுதுனோம்? 'இயற்கையைக் காப்பாற்றுங்கள்'னு எழுதுனோம். அதுல ஒரு கொக்குகூட இல்ல."

அவளுக்குக் கோபம் இருந்தது. இவ்வளவு நாள் அவள் நடத்திய நடையில் ஆயிரக்கணக்கான பதிவுகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சேற்றில் நின்று பார்த்தது. இப்போது அத்தனையும் இந்த ஒற்றைப் படத்தின் பக்கத்தில் நிற்கவேண்டியதாகிவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் திருடர் இல்லை. குளம் போய்விட்டால் தன் நெஞ்சும் நின்றுவிடும் என்று பயந்த மனிதர்.

"வியாழக்கிழமை நீங்களே எந்திரிச்சு சொல்லிடுங்கண்ணே. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"என்னால முடியாதும்மா. இந்தத் தாமான்ல முக்கால்வாசி வண்டிக்கு நான்தான் இன்சூரன்ஸ். பொய்க்காரன்னு பேரு வாங்கிட்டு எப்படிலா வெளிய தலை காட்டறது?"

"அப்ப நான் சொல்லவேண்டி வரும்."

அவர் எழுந்து போனார். தே ஓ அப்படியே இருந்தது.

செய்தி பரமேஸ்வரனை எட்டியதும் அவர் நேராக ரோகிணியின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. எதையும் அட்டவணை போட்டு யோசிப்பவர்.

"ஹியரிங் முடியட்டும்மா. முடிவு வந்ததும் மெதுவா சொல்லிக்கலாம். யாருக்கு என்ன நட்டம்?"

"அங்கிள், இப்ப சொன்னா நாங்க தப்பு பண்ணிட்டோம்னு ஆகும். அப்புறமா சொன்னா பொய் சொல்லிட்டோம்னு ஆகும். ரெண்டும் ஒண்ணு இல்ல."

"குளம் போயிடும் ரோகிணி."

"போகாது."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?"

அவளுக்கே அது தெரியவில்லை. ஆனால் சொன்னபோது தன் குரலில் தடுமாற்றம் இல்லை என்பதைக் கவனித்தாள். அந்தக் குளத்தை அவளுக்குத் தெரியும். எந்த மாதம் எந்தப் புதரில் யார் முட்டை இடுகிறார்கள், மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் தண்ணீர் முதலில் ஏறும் என்பதெல்லாம் தெரியும். வெளியூர் நாரை ஒன்று வந்து அதற்கு மரியாதை வாங்கித் தரவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பரமேஸ்வரன் போன பிறகு, குழுப் பக்கத்தில் இருந்த நாரைப் பதிவை எடுத்துவிட்டு, அது இங்கே எடுத்த படம் இல்லை என்று நான்கு வரி எழுதினாள். பெயர் எதையும் குறிப்பிடவில்லை. பதாகையை இம்ரான் ஏணி வைத்து அவிழ்த்தான்.

வியாழக்கிழமை பாலாய் ராயா பொதுமண்டபத்தில் எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் குடியிருப்பாளர்கள், மறுபக்கம் கடைக்காரர்கள். நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் இம்ரான் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் கடைக்கும் வாகனம் நிறுத்த இடம் வேண்டும்தான். சுகுமாறன் வரவில்லை. மேசைக்குப் பின்னால் திட்டத் துறை அதிகாரி ஹஸ்னா உட்கார்ந்திருந்தார்; எல்லாரும் அவரைப் புவான், அதாவது அம்மையார், என்றே அழைத்தார்கள். பேச்சு குறைவு, குறிப்பு எடுப்பது அதிகம்.

ரோகிணி எழுந்தாள். ஒலிவாங்கியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மலாயில் பேசினாள்.

"பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று சொல்லவேண்டும். பால் நாரை இந்தக் குளத்துக்கு வரவில்லை. அந்தப் படம் வேறு இடத்தில் எடுத்தது. எங்கள் குழுவின் பெயரில் வெளியானது, அதனால் தவறு எங்களுடையது. அந்தப் பதிவை நீக்கிவிட்டோம்."

உடனே கடைக்காரர்கள் பக்கத்திலிருந்து ஹார்ட்வேர் கடை லிம் எழுந்து, "திப்பு! திப்பு!" என்று கத்தினார். ஏமாற்று என்று அர்த்தம். நாற்காலிகள் உரசின. பரமேஸ்வரன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் ஒரு பெண், "ஏன்லா இவ வாயாலேயே கெடுக்குறா?" என்று தமிழில் சொன்னது ரோகிணிக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

சத்தம் அடங்கியதும் புவான் ஹஸ்னா பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்று பொய் என்கிறீர்கள். மீதியை நான் எப்படி நம்புவது?"

"என்னை நம்பவேண்டாம் புவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். எந்தப் பக்கமாக நடப்பது என்று நீங்களே சொல்லுங்கள். இருப்பதை நீங்களே எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள்." அவள் லிம் பக்கம் திரும்பினாள். "அங்கிளும் வரணும். அங்கிள்தான் சத்தமா கத்தினீங்க."

சிலர் சிரித்தார்கள். லிம் கையைக் கட்டிக்கொண்டு, "வர்றேன். எனக்கென்ன பயம்?" என்றார்.

புவான் ஹஸ்னா யோசித்தார். "வருகிறேன்," என்றார். "ஆனால் கூட்டம் சேர்க்காதீர்கள். பத்திரிகைக்காரர் ஒருவர்கூட இருக்கக் கூடாது."

சனிக்கிழமை மாலை ஆரம்பித்த மழை ஞாயிறு விடியும்வரை விடவில்லை. ரோகிணி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மழை ஓய்ந்திருந்தது. ஆனால் வானம் இன்னும் சாம்பல். பாதை முழுக்கச் சேறு.

புவான் ஹஸ்னா முழங்கால் வரை ரப்பர் பூட்சு போட்டு வந்திருந்தார். லிம், ஜப்பான் சிலிப்பரும் குடையுமாக வந்தார். இம்ரான், பரமேஸ்வரன், குழுவில் இன்னும் இரண்டு மூன்று பேர். "மேற்கிலிருந்து போகலாம்" என்றார் புவான்.

முதல் கால் சுற்றில் குளம் ரோகிணியைக் கைவிட்டது. மைனாக்கள், புறாக்கள், குப்பைத் தொட்டியின்மேல் காக்கைகள். மழைக்குப் பயந்து மற்றவை எல்லாம் எங்கோ ஒடுங்கிக் கிடந்தன.

"காக்கா," என்றார் லிம். "அங்க பாருங்க புவான், இன்னொரு காக்கா. ரொம்ப அபூர்வம்."

இம்ரான் ரோகிணியின் முகத்தைப் பார்த்தான். அவள், "காக்காவையும் எழுதுங்க புவான். இங்க இருக்குறதுதானே," என்றாள். சொல்லிவிட்டு வடக்கு முனையைப் பார்த்து நடையை எட்டிப் போட்டாள்.

வடக்கு முனை திரும்பியதும் வெயில் வந்தது. வந்த வேகத்தில் குளமும் விழித்துக்கொண்டது. முதலில் ஒரு உடும்பு, ஆள் நீளத்துக்கு, பாதையின் குறுக்கே சாவகாசமாக நடந்துபோய்த் தண்ணீரில் இறங்கியது. லிம் குடையை முன்னால் நீட்டிக்கொண்டு பரமேஸ்வரனின் பின்னால் ஒளிந்தார். புல்லுக்குள்ளிருந்து கானாங்கோழி ஒன்று வெள்ளை நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தது, பின்னாலேயே கரித்துண்டுகளைப்போலக் குஞ்சுகள். மின்கம்பியில் மீன்கொத்தி. செத்தைக்குள் அசையாமல் நின்ற செந்நாரையை முதலில் பார்த்தது புவான் ஹஸ்னாதான். "அது கம்பு இல்லையே?" என்று கேட்டார். அது கழுத்தை வளைத்ததும் அவரையறியாமல் ஒரு சத்தம் வந்தது. யாரும் பெயர் சொல்வதற்காக அவர் காத்திருக்கவில்லை. தானே படம் எடுத்துப் பெயரைத் தேட ஆரம்பித்தார்.

கிழக்குக் கரையில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். சிமென்டு போடப்போகும் இடம் அது. கரையின் சரிபாதி தண்ணீருக்குள் இருந்தது. ஒரு இரவு மழைக்கே அறிவிப்புப் பலகையின் கால் முழங்கால் அளவு முங்கியிருந்தது.

"இங்கே எப்போதும் இப்படி ஏறுமா?" என்றார் புவான்.

"பெரிய மழைன்னா பாதை வரைக்கும் வரும்" என்றாள் ரோகிணி.

லிம் தண்ணீரையும், அதற்கு நேர் பின்னால் இருந்த தன் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருஷம்," என்று மெதுவாகச் சொன்னார், "என் கடைப்படி வரைக்கும் வந்து நின்னது. ஒரு படி. அதுக்கு மேல வரல." கொஞ்ச நேரம் கழித்து, "இங்க மண்ணடிச்சா இந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார்.

பதில் அவர் கண்ணெதிரே இருந்தது.

தண்ணீரின் விளிம்பில் நின்ற முள் மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் சுரைக்குடுக்கைகளைப்போலத் தொங்கின. ரோகிணியின் குழு அவற்றைப் பதிந்து பதிந்து சலித்திருந்தது. மழை நின்றதும் ஆண்குருவிகள் வேலையைத் தொடங்கியிருந்தன. மஞ்சள் தலை ஒன்று, புல்லிலிருந்து நீளமாக ஒரு இழையைக் கிழித்துவந்து, பாதி முடிந்த கூட்டில் தலைகீழாகத் தொங்கியபடி செருகி, இழுத்து, முடிச்சுப் போட்டது. பெண்குருவி ஒன்று வந்தது. கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பின்னலை இழுத்துப் பார்த்தது. பிடிக்காமல் பறந்துபோய்ப் பக்கத்துக் கூட்டைப் பார்த்தது.

"என்ன ஆச்சு?" என்றார் லிம்.

"பொம்பளைக்கு வீடு பிடிக்கல அங்கிள்" என்றான் இம்ரான். "இனிமே அவன் வேற கட்டணும்."

லிம் வாய்விட்டுச் சிரித்தார். "இன்ஸ்பெக்ஷன் பெயில்! புவான், உங்க ஆபீஸ் மாதிரிதான்."

புவான் ஹஸ்னாவும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு மரத்தின் அடியில் சேற்றில் கால் புதைய வெகுநேரம் நின்றார். லிம் அவர் பக்கத்திலேயே குடையை மடக்கிக்கொண்டு நின்று, ஆணியில்லாமல் எப்படி நிற்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாதையின் மறுமுனையிலிருந்து சுகுமாறன் வந்தார். தோளில் கேமரா இல்லை. அவர் கேமரா இல்லாமல் குளக்கரைக்கு வந்து ரோகிணி பார்த்ததே கிடையாது. யாரையும் பார்க்காமல் நேராகப் புவான் ஹஸ்னாவின் முன்னால் போய் நின்றார்.

"புவான், அந்த நாரைப் படம் என்னுடையது," என்று மலாயில் சொன்னார். "இவர்கள் யாருக்கும் தெரியாது. நான் அம்பாங்கில் எடுத்து இங்கே என்று போட்டேன். கூட்டத்தில் இந்தப் பெண் எனக்காகத் திட்டு வாங்கினார்."

லிம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரமேஸ்வரன் அவர் முழங்கையைத் தொட்டார்.

புவான் ஹஸ்னா சுகுமாறனை ஏறிட்டுப் பார்த்தார். "இதையும் எழுதிக்கொள்கிறேன்," என்றார். கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "இன்னும் அரைச்சுற்று பாக்கி இருக்கிறது. வருகிறீர்களா?"

அவர் வந்தார். கடைசி ஆளாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ரோகிணி வேகத்தைக் குறைத்து அவரோடு சேர்ந்துகொண்டாள்.

"வியாழக்கிழமையே வந்திருக்கலாம்ணே."

"பாலாய் வாசல் வரைக்கும் வந்தேன். வண்டிய விட்டு எறங்கல. உன் கொரலு ரோட்டு வரைக்கும் கேட்டுச்சு."

"எல்லாம் கேட்டுச்சா?"

"'தவறு எங்களுடையது'ன்னு சொன்னியே. அதக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாளா சோறு எறங்கல."

அவள் கோபம் முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் இருவரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. கிழக்குக் கரையில் மண்ணடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. குளத்தின் கொள்ளளவு குறைவது கடைவரிசைக்கே ஆபத்து என்று முதல் காரணமாகவும், அங்கு கூடு கட்டும் பறவைகளை இரண்டாவதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். லிம் தன் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றும் கோப்பில் இருந்ததாகப் பரமேஸ்வரன் கேள்விப்பட்டார். கிழக்குக் கரைக்குப் பதிலாக மேற்கே, பழைய பூப்பந்து மைதானத்தையும் அதையொட்டிய லாலாங் மேட்டையும் சேர்த்துச் சின்னதாக ஒரு நிறுத்துமிடம் வந்தது. அந்த மேட்டிலும் கானாங்கோழிகள் இருந்தன. இயந்திரம் இறங்கும் முன் ரோகிணியும் இம்ரானும் மூன்று காலை நேரங்களில் புல்லைத் தட்டித் தட்டி அவற்றைக் குளத்துப் பக்கம் விரட்டினார்கள். எத்தனை தப்பின, தெரியாது. முதல் நாள் இயந்திரம் உறுமியபோது அவள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரை நின்று பார்த்தாள். இம்ரான் கடைக்கு வாடிக்கையாளர் கூடினார்கள். அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்கவும் இல்லை.

சுகுமாறனைக் குழுவில் வைத்திருக்கக்கூடாது என்று சிலர் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டார்கள். ரோகிணி ஒரே செய்தியில் முடித்துவைத்தாள். அவர் நடக்கலாம், படமும் எடுக்கலாம். ஆனால் இனி யார் எடுத்த அபூர்வப் படமானாலும், அவள் எடுத்ததே ஆனாலும், கூட நின்று பார்த்த இன்னொருவர் சொன்னால்தான் பதிவாகும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார்கள். சுகுமாறனிடம் காப்புறுதி எடுத்த ஒன்றிரண்டு பேரும் வேறு முகவரைத் தேடிக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் மாதம் கேமராவோடு வந்தார். ஒரு தட்டானைப் படம் எடுத்துவிட்டு, "யாராச்சும் வந்து பாருங்கலா!" என்று அவரே கூப்பிட்டார்.

ஆண்டுக் கடைசியில், அலுவலகத்தில் ஒரு ஓட்டுநரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது ரோகிணிக்குப் புவான் ஹஸ்னாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"எங்கள் எல்லைக்குள் இதுபோல இன்னும் பல குளங்கள் இருக்கின்றன," என்றார் அவர். "எதில் என்ன வாழ்கிறது என்று எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. திட்டம் போட்ட பிறகு சண்டை போடுவதைவிட, போடும் முன்பே தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். உங்கள் ஆட்களால் முடியுமா?"

ரோகிணி யோசிக்கவே இல்லை. "முடியும் புவான்," என்றாள். "ஆனால் எங்களோடு வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். வயதானவர்களும் உண்டு. முதலில் எல்லாக் குளத்துக்கும் பக்கத்தில் ஒரு கழிப்பறை வேண்டும். தண்ணீர் வருகிற கழிப்பறை."

"அது வேறு துறை," என்றார் புவான் ஹஸ்னா.

"எந்தத் துறை என்று சொல்லுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்," என்று சொல்லி ரோகிணி பேனாவை எடுத்துக்கொண்டாள்.